ஒன்பதாம் விதி

காஜா பேராங், மலாக்கா
2-6-1957

அன்புள்ள மகள் சிவகாமிக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் அம்மாவும்தான். ஜனவரியில் நீ சின்னம்மாவோடு சிரம்பான் பஸ் ஏறிய பிறகு அந்தச் சொல்லுக்கு இங்கே அவ்வளவுதான் ஆள். ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லை. அம்மா தபால்காரனை முறைக்கிற முறைப்பில் அவன் எதிர்ப்பக்கமாகவே சைக்கிளை மிதித்துப் போய்விடுகிறான்.

ஒரு செய்தி. உன் அப்பா சட்டம் எழுதுகிற ஆளாகிவிட்டேன். நாட்டுக்குச் சட்டம் எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஐந்து பேர் எங்கள் தமிழ் மன்றத்தின் சொற்போர்ப் போட்டிக்கு எழுதினோம். இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கான போட்டி, ஆகஸ்டு பத்தாம் தேதி. பள்ளிக்கு மூன்று பேச்சாளர். தோட்டப் பள்ளியில் ஆறாவதோடு நின்ற பொதுப்பணி ஸ்டோரில் கணக்கு எழுதுகிற கிராணியை ஏன் விதிக்குழுச் செயலாளராகப் போட்டார்கள் என்று கேட்பாய். கையெழுத்து அழகாக இருக்கிறதாம். மூளையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம், எழுந்தபோது ஏழாகப் போகிறது. பதினோரு விதி. நான்கு நிமிடமா ஐந்து நிமிடமா என்பதற்கே ஒரு மணி நேரம், கடைசியில் நான்கு. அரசியல் தலைப்பு கூடாது, சமயம் கூடாது, தோட்டத் தகராறு கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்தபின் மிச்சம் இருந்தது வானொலி ஒன்றுதான். ஆகவே இந்த வருடம் ‘வானொலி வீட்டுக்கு நன்மையா தீமையா’. தலைவர் பொன்னுதுரை மாஸ்டர் இரண்டு முறை தூங்கி எழுந்தார். எழுந்ததும், “ஓம், எழுதும், எழுதும்” என்றார். எதை எழுதச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

ஆனால் ஒன்பதாவது விதி என் சொந்தத் தயாரிப்பு. போன வருடம் நடந்தது உனக்குத் தெரியுமே. வைரவன் செட்டியார் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தார், அவர் மகன் சோலையப்பன் கோப்பையைத் தூக்கிப் போனான். அதனால் எழுதினேன்: ‘விதிக்குழு உறுப்பினரின் பிள்ளைகள் போட்டியில் பேசக் கூடாது.’ செட்டியாரும் குழுவில் இருக்கிறார், நாளைக்கே விலகிக்கொண்டு மகனை அனுப்பினால்? அதற்கும் வைத்தேன் ஒரு பூட்டு: ‘விதி எழுதப்பட்ட பின் உறுப்பினர் விலகினாலும் இத்தடை நீங்காது.’ செட்டியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். “நல்லா எழுதியிருக்கீரு, கலியாணசுந்தரம்,” என்றார். அவ்வளவுதான். மற்ற மூன்று பேரும் கை தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “சரி, மண்ணெண்ணெய் வாங்கியாந்தீங்களா?” என்றாள்.

நாளைக்கு ரோனியோவில் நகல் அடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்புகிறோம். சிரம்பானுக்கும் வரும். கீழே அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள். சிரித்த கையோடு இரண்டு வரி எழுது.

அப்பா

*

சிரம்பான்
12-6-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் விதிகள் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தன. தமிழ்ச் சங்க ஆசிரியை எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துப் படித்தார். ஒன்பதாவதைப் படித்ததும் நிறுத்தி, கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “சிவகாமசுந்தரி, உங்கப்பா பேரு என்னம்மா?” என்று கேட்டார்.

எங்கள் பள்ளியின் முதல் பேச்சாளர் நான்தான், அப்பா. ஏப்ரல் கடைசியிலேயே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இத்தனை வாரமாக எழுதாததற்கு அதுதான் காரணம். எழுதினால் வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்று பயம். சொல்லாமல் வந்து, மேடையில் ஏறி நின்று, நீங்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். சிறுபிள்ளைத்தனம்தான்.

டிசம்பரில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை. அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அடுத்த வருடம் எனக்குப் போட்டி கிடையாது.

ஜனவரியில் புக்கிட் பாருவிலிருந்து அந்த வரன் வந்தபோது ‘படிச்சது போதும்’ என்றீர்கள். இப்போது ‘பேசினதும் போதும்’ என்று ரோனியோ அடித்து ஏழு பள்ளிக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

சிவகாமி

*

காஜா பேராங்
16-6-1957

அன்புள்ள சிவகாமிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் படிக்கவில்லை. பாதியில் நிறுத்தினேன். “மீதி என்ன?” என்றாள். “அவ்வளவுதான்,” என்றேன். பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ருக்குவிடம் கொடுத்து மீதியையும் கேட்டுவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு வந்தது, குழம்பு வரவில்லை.

எப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டோரில் பூட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்துவிட்ட கதை ஒன்று என் பேரில் ஏற்கெனவே உண்டு. அது பொதுப்பணிக்கு மட்டும் தெரியும். இது ஏழு பள்ளிக்குத் தெரிந்துவிட்டது.

விலகலாம் என்றால் விலகினாலும் தடை நீங்காது. அந்தப் பூட்டைப் போட்டவன் யார் என்று மறுபடி எழுதக் கை வரவில்லை. பொன்னுதுரை மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

“மாஸ்டர், ஒன்பதை எடுத்துடலாமா?”

“ஏன் காணும், நீர்தானே கொண்டு வந்தது?”

“எம் பொண்ணு பேசுறா மாஸ்டர். சிரம்பான்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தார். “அனுப்பின விதியை மாத்துறதெண்டால் அஞ்சு பேரும் ஒருமிச்சுக் கை தூக்க வேணும். பதினோராம் விதி. அதையும் உம்மட ஆபீஸ் சுற்றறிக்கையைப் பார்த்து நீர்தான் எழுதினீர்.”

“எழுதினேன்.”

“அப்ப செட்டியாரிட்டைப் போம்.”

அடுத்த கூட்டம் இருபத்தொன்பதாம் தேதி. அதற்குள் உன் இடத்தை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று உன் ஆசிரியையிடம் சொல். அப்பா ஏதாவது செய்வேன். என்ன என்று கேட்காதே, தெரிந்தால்தானே சொல்ல.

ஜனவரி விஷயத்துக்கு இந்தக் கடிதத்தில் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை.

அப்பா

*

சிரம்பான்
21-6-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

இடத்தைக் கொடுத்தாகிவிட்டது. பெயர்ப் பட்டியல் இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்பது உங்கள் இரண்டாம் விதி. அதன் பிறகு மாற்றலாம், ஆனால் பெயர் இல்லாமல் அனுப்பக் கூடாதாம். கமலவேணி என்ற பெண்ணின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஒரு வகுப்பு கீழே. நல்ல குரல், ஆனால் மூச்சு விடாமல் பேசுவாள். நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம். நான் எழுதிய பேச்சைத்தான் அவள் மனப்பாடம் செய்கிறாள்.

அவளுக்கும் அந்த இடம் கிடைத்ததிலிருந்து தூக்கமில்லை. சந்தோஷத்தில். அவள் அம்மா புதுப் பாவாடை தாவணி எடுத்துவிட்டார்களாம்.

ஆகவே எனக்காக யார் காலிலும் விழ வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். கமலவேணியின் அண்ணன் போன வருடம் மலாக்கா வந்து போட்டியைக் கேட்டிருக்கிறார். செட்டியார் மகன் உண்மையிலேயே நன்றாகப் பேசினான், யார் நடுவராக இருந்திருந்தாலும் அவன்தான் ஜெயித்திருப்பான் என்கிறார். நீங்களும் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள்.

அந்த விதியை நியாயத்துக்காக எழுதினீர்களா, அவனுக்காக எழுதினீர்களா?

சின்னம்மா உங்களுக்கு ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. சொன்னதை எழுத முடியாது.

சிவகாமி

*

காஜா பேராங்
30-6-1957

அன்புள்ள சிவகாமிக்கு,

நீ கேட்ட கேள்வியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஸ்டோருக்குப் போய் வந்தேன். நேற்றுக் கூட்டத்துக்கும் அதோடுதான் போனேன்.

செட்டியாரைத் தனியாகப் பார்க்கலாம் என்று முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தேன். அவர் எல்லாருக்கும் கடைசியில் வந்தார். வேறு வழியில்லை, நால்வர் முன்னாலும் எழுந்து சொன்னேன்: “ஒன்பதாம் விதியை வாபஸ் வாங்கணும்னு கேட்டுக்கிறேன்.”

“ஏன்?” என்றார் செட்டியார். சிரம்பான் விஷயம் அதற்குள் காஜா பேராங் முழுவதும் தெரியும், அவருக்குத் தெரியாதா? என் வாயிலிருந்து வர வேண்டும்.

“எம் மக பேசுறா.”

“அப்ப உம்ம மக பேசுறதுக்கு விதி போகணும். எம் மகன் பேசக் கூடாதுன்னா விதி வரணும். அப்படித்தானே?”

குழுவில் இருக்கும் நல்லையா தரையைப் பார்த்தார். பொன்னுதுரை மாஸ்டர் அன்றைக்குத் தூங்கவே இல்லை, பார்த்துக்கொள்.

உனக்கு எழுத வேண்டியதை அங்கேயே சொல்லிவிட்டேன், சிவகாமி. சோலையப்பன் போன வருடம் நன்றாகத்தான் பேசினான். நான் பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்டேன், கால் வலித்தது கூடத் தெரியவில்லை. அப்புறம் நீ போனாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் செட்டியார், “எம் மகன் இன்னது படிக்கிறான், எம் மகன் இன்ன பரிசு வாங்குனான்,” என்பார். எல்லாரும் அவரவர் பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்வார்கள். என் முறை வரும்போது நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். என் பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், எந்த வாயால் சொல்வது, நான் நிறுத்தச் சொன்னேன், அவள் நிறுத்தாமல் போய்விட்டாள் என்று? அந்தப் பையனை ஒரு வருடமாவது வாயை மூட வைக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு நியாயம் என்று பெயர் வைத்து ஒன்பது என்று நம்பர் போட்டேன்.

இவ்வளவையும் இத்தனை நன்றாக அங்கே சொல்லவில்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். எனக்கு நான்கு நிமிடம் போதவில்லை.

“மினிட் புஸ்தகத்தை எடும்,” என்றார் செட்டியார். கூட்டக் குறிப்பு எழுதும் அந்தப் புஸ்தகத்தை எடுத்தேன். “போன வருஷம் சோலையப்பன் தகுதியிலதான் ஜெயிச்சான், நடுவர் தயவுல இல்லைன்னு எழுதும். உம்ம அழகான கையெழுத்துல.”

எழுதினேன். அவர் எழுந்து வந்து, தோள் மேலாகக் குனிந்து படித்துப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார்.

ஒன்பது போய்விட்டது. ஆனால் பொன்னுதுரை மாஸ்டர், “வெறுமன எடுத்தால் ஊர் சிரிக்கும்,” என்று அந்த இடத்தில் வேறொன்று வைத்தார். உறுப்பினரின் பிள்ளை பேசும் சுற்று முழுவதும் அந்த உறுப்பினர் மண்டபத்துக்கு வெளியே நிற்க வேண்டும். செட்டியாரும் சரி என்றார், நானும் சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

மாற்றுப் பெயர் ஜூலை பத்துக்குள் அனுப்பலாம். அந்தப் பெண் கமலவேணியை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீயே முடிவு செய். நான் இந்த வருடத்துக்குப் போதுமான அளவு முடிவு செய்துவிட்டேன்.

அப்பா

*

சிரம்பான்
8-7-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் நினைக்கிற மாதிரி அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நான் கேட்டேன். “அக்கா, அது உங்க இடந்தான்,” என்றாள். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தாவணி என்ன செய்வது என்று அவள் அம்மா கேட்டார்களாம். தீபாவளிக்குக் கட்டிக்கொள்வாள் என்று ஆசிரியை சொன்னார். எனக்கு அது காதில் விழாமலே இருந்திருக்கலாம்.

மூன்று நாள் யோசித்தேன். விட்டுவிடலாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தது. மூன்றாவது நாள் அவள் என் பேச்சை ஒப்பிக்கும்போது, நான் நிறுத்த நினைத்து எழுதிய இடத்தில் நிறுத்தாமல் ஓடினாள். எனக்குக் கோபம் வந்தது. அதில் புரிந்துவிட்டது, எனக்கு இது வேண்டும் என்று. என்னை நல்லவள் என்று யாராவது சொன்னால் இனி நம்ப மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.

மினிட் புத்தகத்தில் எழுதியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி அவர்களே இன்னொரு முறை படித்தார்கள்.

ஆகஸ்டு பத்தாம் தேதி காலைப் பஸ்ஸில் ஆசிரியையோடு வருகிறோம். அன்று சாயந்திரமே திரும்ப வேண்டும். வீட்டுக்கு வர நேரம் இருக்காது. அம்மாவை மண்டபத்துக்கு வரச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எந்த விதியும் இல்லையே?

சிவகாமி

*

காஜா பேராங்
11-8-1957

அன்புள்ள சிவகாமிக்கு,

நீ பஸ் ஏறி ஒரு நாள் ஆகவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். நேற்று பஸ் நிலையத்தில் உன்னிடம் நான் பேசியது மொத்தம், “தண்ணி எடுத்துக்கிட்டியா?” நீ சொன்னது, “எடுத்துக்கிட்டேன்.” விதிக்குழுச் செயலாளரின் சொல்வன்மை அவ்வளவுதான்.

காலைச் சுற்றில் நீ பேசும்போது நான் மட்டும் வெளியே நின்றேன். பண்டார் ஹிலிரில் அந்த மண்டபத்துக்கு எதிரே திடலில் சுதந்திர நாளுக்குப் பந்தல் போடுகிறார்கள். எட்டு ஆள் சுத்தியலால் மரத்தை அடிக்கிறார்கள். உன் குரல் சன்னல் வரை வந்தது, சன்னலைத் தாண்டி வரவில்லை. ‘ஆகவே’ என்று ஒரு தடவை கேட்டது. பிறகு கைதட்டல். அதை வைத்துக்கொண்டு நீ ஜெயித்துவிட்டாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சரியாகத்தான் இருந்தது.

இறுதிச் சுற்றில் நீயும் சோலையப்பனும் எதிரெதிர் அணி. ஆகவே செட்டியாரும் வெளியே வந்தார். இரண்டு பேரும் ஒரே மரத்தடியில். ஐந்து நிமிடம் பந்தல்காரர்களைப் பார்த்தோம்.

“அந்தக் கம்பு கோணலா நிக்குது,” என்றார்.

“ஆமா,” என்றேன்.

அதற்குள் உள்ளே உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ ஆரம்பித்தாய். ஒரு வாக்கியம்கூட முடிந்திருக்காது, மண்டபமே சிரித்தது. செட்டியார் என்னைப் பார்த்தார். “என்னய்யா, என்ன சொல்லுச்சு?” என்றார். எனக்கு என்ன தெரியும்? அவர் சன்னல் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தார். “செட்டியாரே, வெளியேன்னா வெளியேதான்,” என்றேன். “இதையும் நீர்தான் எழுதுனீரா?” என்றார். “இல்ல, மாஸ்டர்.” “அதான் ஓட்டையில்லாம இருக்கு,” என்றார்.

சோலையப்பன் முதலாவதாகவும் நீ இரண்டாவதாகவும் வந்ததை நல்லையாதான் வெளியே வந்து சொன்னார். செட்டியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வாழ்த்துச் சொன்னேன். இந்தத் தடவை சொல்லும்போது பொறாமை வரவில்லை. களைப்பு காரணமாகவும் இருக்கலாம்.

அம்மாவிடம் கேட்டால், “நல்லாத்தான் பேசுனா,” என்கிறாள். எதைப் பற்றி என்றால், “ரேடியோவப் பத்தி.” ஏன் எல்லாரும் சிரித்தார்கள் என்றால், “போய் உங்க மகளையே கேளுங்க,” என்கிறாள்.

சிவகாமி, ஜனவரியில் நான் சொன்னது தப்பு. வரன் நல்ல வரன்தான், பையன் மேல் குறையில்லை. ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களுக்குத் தலையாட்டினேன். இதை நேற்று பஸ் நிலையத்திலேயே சொல்லியிருக்கலாம். கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். அவன் ஊதாமல் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பரீட்சையை எழுது. அதன் பிறகு என்ன என்பதை நீ சொல், நான் கேட்கிறேன்.

இப்போதைக்கு ஒன்று மட்டும். நேற்று நீ என்ன பேசினாய்? முழுவதும் எழுது. மலாக்காவில் அதைக் கேட்காத தமிழர்கள் நானும் செட்டியாரும்தான்.

அப்பா

*

சிரம்பான்
16-8-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் பேசினது தீமை அணிக்கு. எல்லாரும் சிரித்தது தொடக்கத்தில்தான். வரிசையாகச் சொல்ல வேண்டுமே, அப்படியே சொன்னேன்: “அவைத்தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, எதிரணித் தோழர்களே, வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருக்கும் இரண்டு தகப்பனார்களே, வணக்கம்.” எழுதி வைத்ததில் அது இல்லை. மேடையிலிருந்து பார்த்தால் சன்னல் வழியாக நீங்கள் இருவரும் தெரிந்தீர்கள். சோலையப்பனும்தான் சிரித்தார். அவர் பேசும்போது ‘உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் வணக்கம்’ என்று தொடங்கினார். அதற்கும் சிரித்தார்கள்.

வானொலி பேசும், ஆனால் நாம் பேசுவதைக் கேட்காது, அப்படி ஒன்று வீட்டுக்கு எதற்கு என்பதுதான் என் வாதம். அதை எழுதும்போது நான் வானொலியை நினைக்கவில்லை. நம் வீட்டில் வானொலியும் இல்லையே. ஒவ்வொரு வரியும் ஜனவரியில் நான் உங்களிடம் சொல்ல முடியாமல் போனது. கமலவேணி பேசினால் சரியாக வந்திருக்காது என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அதுதான் காரணம். அவளிடம் இதைச் சொன்னேன். “அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா,” என்றாள். இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. இருக்கட்டும், நியாயம்தான்.

சோலையப்பன் எழுந்து, வானொலியைத் திருகி நிறுத்தலாமே, பிறகு நாம் பேசலாமே என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அங்கேதான் தோற்றேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு பதில் தோன்றுகிறது: நிறுத்தினால் மட்டும் போதாது, ‘நீ சொல், நான் கேட்கிறேன்’ என்று அது சொல்ல வேண்டும். இப்போது தோன்றி என்ன செய்ய.

மீதியை எழுதவில்லை, அப்பா. எழுதினால் நீங்கள் கையெழுத்தைத்தான் பார்ப்பீர்கள். சுதந்திர நாளுக்குப் பள்ளி விடுமுறை. முப்பதாம் தேதி மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன், நான்கு நாள் இருப்பேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நான்கு நிமிடப் பேச்சுதான், நம் வீட்டிலேயே பேசிக் காட்டுகிறேன். இந்தத் தடவை உள்ளே உட்கார்ந்து கேளுங்கள்.

சிவகாமி